ஸ்கிரைபஸ் 1.6: பதின்ம வயதினருக்கான தமிழ் இசை இதழுக்கு இது தாங்குமா?

எந்த லேஅவுட் மென்பொருளையும் தமிழுக்குச் சோதிக்க 'கொண்டாட்டம்' என்ற ஒரு சொல் போதும். பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் இதை ஒட்டினால் முதல் எழுத்திலேயே மானம் போகும்: கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2017-இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் எழுத்துகளைக் கோக்கும் எஞ்சினையே மாற்றி, ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைச் சேர்த்தார்கள். அந்த மாற்றம் நிலையான பதிப்பாக 2024 ஜனவரியில் 1.6 என்று வந்தது. இப்போது 'கொண்டாட்டம்' கொண்டாட்டமாகவே வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அஃபினிட்டி பப்ளிஷர் 2-ஆல்கூட இது முடிந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் சரியாகத் தெரிவது நுழைவுச்சீட்டு மட்டும்தான். பதின்ம வயதினர் கையில் எடுக்கும் இசை இதழ், பாடப்புத்தகம் மாதிரி இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். தலைப்பு கத்த வேண்டும், படம் சட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும், நடுப்பக்கத்தில் கிழித்து ஒட்ட ஒரு போஸ்டர் வேண்டும். ஆகவே இந்த மதிப்பீடு ஸ்கிரைபஸ் 1.6-ஐ ஒரே ஒரு வேலையை வைத்து எடைபோடுகிறது. 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு ஏ4 அளவில், நான்கு வண்ணத்தில், உள்ளே 32 பக்கம், ரேப்பர் என்னும் அட்டை தனியாக 4 பக்கம், சென்டர் பின் அடித்த காலாண்டிதழ். பள்ளி, கல்லூரிக் குழுக்களும் சின்னப் பதிப்பகங்களும் எடுக்கக்கூடிய அளவு வேலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்பக்கங்களுக்குத் தாராளமாக நம்பலாம். தலைப்பு விளையாட்டுக்கும் அட்டைக்கும் பக்கத்தில் கோட்டுருவம் வரையும் இங்க்ஸ்கேப்பும் படம் திருத்தும் கிம்ப்பும் வேண்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாராவாரம் முடிக்கும் வேலை என்றால் வேண்டாம்.

முதல் அரை மணி நேரம்

புதிய ஆவணம் திறக்கும்போதே எதிரெதிர்ப் பக்கங்கள், முதல் பக்கம் வலது என்று தேர்ந்துவிடுங்கள். பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டிப் படம் நீளும் ஓரம்) மேலே, கீழே, வெளியே 3 மில்லிமீட்டர், உள்பக்கம் பூஜ்யம். உள்ளேயும் 3 கொடுத்தால் எதிர்ப்பக்கப் படத்தின் ஒரு கீற்று இந்தப் பக்கத்தின் பிடிஎஃப்பில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் அங்கே இங்கே போகும் என்பதால் எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது. பக்க எண்ணை, எல்லாப் பக்கங்களுக்கும் அச்சாக நிற்கும் மாஸ்டர் பக்கத்தில் ஒருமுறை வைத்தால் போதும். இடதுக்கும் வலதுக்கும் தனி மாஸ்டர் இருக்கிறது.

பக்கத்தைக் கட்டம் பிரிக்க கைட் மேனேஜர் நன்றாகவே உழைக்கிறது. 6 நெடுவரிசை, இடைவெளி 5 மில்லிமீட்டர், எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்து என்றால் முடிந்தது. ஆறு என்பது வசதியான எண். பேட்டிக்கு இரண்டு பத்தி, செய்தித் துணுக்குகளுக்கு மூன்று, ஆல்பம் மதிப்பீட்டுக்கு நான்கும் இரண்டும் என்று மாற்றி மாற்றி வெட்டலாம். ஒரே கட்டம் அடியில் இருப்பதால் பக்கங்கள் சிதறின மாதிரியும் இருக்காது.

இங்கே புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. தொடக்கத்தில் வரி இடைவெளி ஒரே அளவாக உறைந்திருக்கும். எழுத்தை 12-லிருந்து 48 பாயின்ட்டுக்குப் பெரிதாக்கினாலும் அந்த இடைவெளி அசையாது. இரண்டு வரித் தலைப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். எடிட் மெனுவில் ஸ்டைல்ஸ் போய் தலைப்பு, துணைத்தலைப்பு, உடல், படக்குறிப்பு, மேற்கோள் என்று ஐந்து பத்தி ஸ்டைல்களை முதல் நாளே செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ஸ்டைலை இன்னொன்றின் குழந்தையாக வைக்க முடியும் என்பதால், உடல் எழுத்துருவை மாற்றினால் படக்குறிப்பும் கூடவே மாறும்.

எழுத்து: இதழின் பாதி உயிர் இங்கேதான்

எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. உடலுக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை, 9.5 பாயின்ட்டில், வரி இடைவெளி 14. ரோமன் எழுத்துக்குப் பழகியவர்கள் 12 போதும் என்பார்கள், போதாது. மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'ஞூ'வின் வாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தலைப்புக்கு அனெக் தமிழ் சரியான ஆயுதம்: ஒடுங்கியதிலிருந்து விரிந்தது வரை, மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஒரே குடும்பம். 'இசையமைப்பாளர்' என்ற சொல்லே ஒரு வரியை விழுங்கும் மொழியில் ஒடுங்கிய தடி எழுத்து கிடைப்பது பெரிய வரம். பலூ தம்பியும் நல்ல எழுத்துருதான். ஆனால் ஃப்ளெக்ஸ் பேனர், யூடியூப் முகப்பு என்று எங்கும் பார்த்துச் சலித்துவிட்டது. கையெழுத்துச் சாயல் வேண்டிய இடத்தில், வாசகர் கடிதம் மாதிரி, கவிவனார் வைக்கலாம். எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அச்சுக்கும் உரிமச் சிக்கல் கிடையாது.

அனெக் தமிழை இறக்கும்போது ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய மாறுருவும் வரும், தனித்தனிக் கோப்புகளும் வரும். ஸ்கிரைபஸுக்குத் தனித்தனிக் கோப்புகளையே நிறுவுங்கள். மாறுருவைக் கொடுத்தால் ஒரு தடிமனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாது. போலித் தடிப்பு, போலிச் சாய்வு இரண்டையும் ஸ்கிரைபஸ் செய்து தருவதில்லை. உண்மையான தடிப்பு எழுத்துரு இருந்தால்தான் தடிக்கும். குறைபோலத் தெரியும் இது, உண்மையில் ஒரு காவல். தமிழை இழுத்துச் சாய்த்த அலங்கோலங்கள் உள்ளே வராமல் தடுக்கிறது. அழுத்தம் வேண்டிய சொல்லுக்குத் தடிமனையோ வண்ணத்தையோ மாற்றுங்கள்.

ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை வேறொன்றிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இதற்கு இல்லை. இசை இதழில் கருவிகளின் மாடல் எண், குழுப்பெயர் என்று ரோமன் எழுத்து வராமல் இருக்காது. ரோமன் எழுத்தே இல்லாத தமிழ் எழுத்துருவில் அந்த இடம் கட்டம் கட்டமாக வரும். மேலே சொன்ன எழுத்துருக்களில் இரண்டும் உண்டு. வேறெதாவது எடுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கட்டுரையை உள்ளே கொண்டுவரும்போது எழுத்துக் குறியீட்டைக் கேட்கும் சாளரத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்வு செய்யாவிட்டால் கேள்விக்குறிகளும் ஐரோப்பிய எழுத்துகளும் கொட்டும். பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டச்சு செய்து கொடுக்கும் கட்டுரையாளர் இன்றும் உண்டு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு, மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள்: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர', 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும், இரட்டை இடைவெளிகள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்; எழுத்துரு மாறும்போது காட்டிக்கொடுக்கும்.

இனி பத்திகள். இங்கேதான் அடோபியின் லேஅவுட் மென்பொருளான இண்டிசைனுக்கும் ஸ்கிரைபஸுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. இண்டிசைன் முழுப் பாராவையும் பார்த்து வரிகளை எங்கே உடைப்பது என்று முடிவு செய்யும். ஸ்கிரைபஸ் ஒவ்வொரு வரியாகத்தான் யோசிக்கிறது. மூன்று பத்திப் பக்கத்தில் ஒரு பத்தியின் அகலம் 57 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அதில் தமிழில் மூன்று சொல் நின்றால் அதிகம். இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். மூன்று பத்திப் பக்கத்துக்கு இடது சீர் மட்டும் போதும். வலது ஓரம் ஏறி இறங்கட்டும், இளைஞர் இதழுக்கு அது இன்னும் அழகு. இரண்டு பத்திப் பேட்டிக்குச் சமன் செய்யலாம். ஸ்டைலில் எழுத்து விரிவு 98 முதல் 102 சதவீதம் வரை என்று கொடுத்தால் ஆற்றில் பாதி வற்றும். அதற்குமேல் விட்டால் ஒரு வரி குண்டாகவும் அடுத்தது ஒல்லியாகவும் தெரியும். மீதி இருப்பவற்றுக்குக் கையால் மென் இணைப்புக்கோடு (வரி உடையும்போது மட்டும் தெரியும் கோடு) செருக வேண்டும். 'இசையமைப்-பாளர்' என்று ஒற்றோடு உடைய வேண்டும், 'இசையமைப-்பாளர்' என்று புள்ளி அநாதையாகிவிடக் கூடாது.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சட்டங்களில் முதல் வரி ஏறுமாறாக நிற்பதும் தமிழுக்கே உரிய தலைவலி. ஒவ்வொரு எழுத்துருவும் தலைக்கு மேல் ஒவ்வோர் அளவு இடம் கேட்கிறது. சட்டத்தின் எழுத்துப் பண்புகளில் முதல் வரித் தொடக்கம் என்ற இடத்தில், எழுத்துருவின் உயரம் என்பதை விட்டு வரி இடைவெளி என்று மாற்றுங்கள். எல்லாப் பத்தியும் ஒரே கோட்டில் வந்து உட்காரும்.

முதலெழுத்தைப் பெரிதாக்கும் டிராப் கேப் வசதி இருக்கிறது. தமிழுக்கு எல்லா எழுத்தும் ஒத்துவராது. 'அ', 'ப', 'ம' நன்றாக நிற்கும். 'சூ', 'கொ' என்றால் ஒன்று கீழ் வரியில் இடிக்கும், மற்றது பத்தியில் பாதியைத் தின்னும். பத்தியின் முதல் வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள், அல்லது அந்த எழுத்தைத் தனிச் சட்டத்தில் வைத்து உடலைச் சுற்றி ஓடவிடுங்கள்.

கத்தும் பக்கங்கள்

சுற்றி ஓடவிடுவது என்றதும் இன்னொன்று. பாடகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்து, எழுத்தை அதன் தோள்வழியே வளைந்து ஓடவைப்பது இந்த வகை இதழின் அடிப்படைப் பாடம். கிம்ப்பில் பாதை வரைந்து டிஃப் கோப்பாகச் சேமித்தால், ஸ்கிரைபஸ் அந்தப் பாதையைப் படித்துக்கொள்கிறது. படச்சட்டத்தின் வடிவப் பிரிவில் 'படத்தின் வெட்டுப் பாதையைப் பயன்படுத்து' என்று கொடுக்க வேண்டும். எழுத்து விலகவே மாட்டேன் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் காரணம் ஒன்றுதான்: படச்சட்டம் எழுத்துச் சட்டத்துக்கு அடியில் கிடக்கிறது. மேலே கொண்டுவந்தால் எழுத்து விலகும். வெட்டுப் பாதையை உருவத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி வரையுங்கள், இல்லாவிட்டால் எழுத்து சட்டைக் காலரில் ஏறும்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத பொக்கிஷம் பட விளைவுகள். கச்சேரிப் படங்கள் பெரும்பாலும் கைப்பேசியில், சிவப்பும் ஊதாவுமாக விளக்கு அடித்த இருட்டில், புள்ளி புள்ளியாக எடுத்தவை. அவற்றை நிறத் திருத்தம் செய்து மீட்பது வீண் முயற்சி. ஸ்கிரைபஸிலேயே அந்தப் படத்துக்கு டியூடோன் (இரு நிறச் சாயல்) கொடுத்து, இருளுக்கு ஆழ்ந்த நீலமும் வெளிச்சத்துக்கு மெஜந்தாவும் வைத்தால், மோசமான படம் வேண்டுமென்றே செய்த பாணியாகிவிடும். மூலக் கோப்பு மாறுவதில்லை. பிடிக்காவிட்டால் விளைவை நீக்கிவிடலாம். ஐந்து பேர் ஐந்து கைப்பேசியில் எடுத்த படங்களை ஒரே டியூடோனில் போட்டால் நாலு பக்கச் செய்தி ஒரே கையால் எடுத்தது போல் ஆகும்.

'இலவச போஸ்டர்!' என்று கத்தும் வெடிப்பு நட்சத்திரத்துக்குப் பலகோணக் கருவி போதும்: 20 முனை, உள்வாங்கும் அளவை எதிர்ம எண்ணாக 25-க்குப் பக்கத்தில் வைத்தால் கச்சிதம். அதை ஸ்கிராப்புக்கில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த இதழுக்கும் ஆகும். பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாமே கத்தினால் காது அடைத்துப்போகும்.

சறுக்கும் இடம் தலைப்பு விளையாட்டு. வளைந்த பாதையில் எழுத்தை ஓட்டலாம் என்கிறது; தமிழில் வளைவு இறுக்கமானால் கொம்பு ஒரு கோணத்தில், எழுத்து ஒரு கோணத்தில், கால் ஒரு கோணத்தில் சாயும். எழுத்திடைவெளியைக் கூட்டி விரிப்பதும் அப்படித்தான். 'கா' என்பது 'க'வும் தனிக் காலுமாகப் பிரிந்து நிற்க ஆரம்பித்தால் அந்த விளைவை விட்டுவிட வேண்டும். பல வண்ண ஓரம், நிழல், கிராஃபிட்டிச் சாயல் எல்லாவற்றையும் இங்க்ஸ்கேப்பில் செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவருவதே வழி. அட்டையின் இதழ்ப்பெயரும் அப்படித்தான் வர வேண்டும். பாடகரின் தலை இதழ்ப்பெயரில் பாதியை மறைக்கும் அட்டைக்கு மூன்று அடுக்கு போதும்: பின்னணிப் படம், அதன்மேல் பெயர், அதன்மேல் வெட்டியெடுத்த உருவம் மட்டும். மறைப்பது நடு எழுத்தின் கீழ்ப்பாதியாக இருக்கட்டும். மேல்பாதியை மறைத்தால் புள்ளியும் விசிறியும் போய் பெயரே வேறாகிவிடும்.

நடுப்பக்கப் போஸ்டரும் அதன் முதுகும்

32 பக்க உள்ளடக்கத்தில் நடு 16, 17. அச்சில் இவை இரண்டும் ஒரே தாள் என்பதால் படம் மடிப்பைத் தாண்டிப் பிசகாமல் ஓடும். வேறெந்த ஜோடிப் பக்கத்திலும் இந்த உத்தரவாதம் கிடையாது. ஒரே படச்சட்டத்தை இரு பக்கத்துக்கும் நீட்டி வையுங்கள். முகம் மடிப்பில் வரக் கூடாது; பின் இரண்டும் மடிப்பில்தான் ஏறும், கண்ணில் ஏறினால் வாசகி மன்னிக்க மாட்டாள்.

போஸ்டரைக் கிழித்தால் கூடவே போகும் பக்கங்கள் 15, 18. அதே தாளின் முதுகு அவை. அங்கே பேட்டியின் தொடர்ச்சியை வைத்தால் இதழ் முடமாகும். 15-இலும் 18-இலும் தனியே நிற்கக்கூடியவற்றை வையுங்கள்: இன்னொரு சின்னப் போஸ்டர், பாடல்வரிகள், வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர்கள். போட்டிக்கான கூப்பனை அங்கே வைக்கவே கூடாது, போஸ்டரா பரிசா என்று வாசகரைத் தவிக்கவிடும் வேலை அது.

பாடல்வரிப் பக்கம் இந்த வகை இதழின் பழைய பலம். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்த தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நிக் லோகன் 1978-இல் தொடங்கி, 2006 வரை வந்த 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இளைஞர் இதழும் பாடல்வரிகளை அச்சிட்டே வாசகரைப் பிடித்தது. வடிவமைப்பில் கவனிக்க வேண்டியது வரி உடைவு: பாட்டு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வரி முடிய வேண்டும், பத்தி அகலம் முடிவு செய்யக் கூடாது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் முழுப்பாட்டை அச்சிட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். பாரதியார் பாட்டுக்குக் கேட்க வேண்டாம். போன மாதம் வந்த பாட்டுக்குக் கேட்டே ஆக வேண்டும்.

ஸ்வரமும் ஃப்ரெட்டும்

இசை இதழுக்கென்றே வைத்தது மாதிரி ஸ்கிரைபஸில் ஒரு வசதி: ரெண்டர் ஃப்ரேம். அதற்குள் லில்லிபாண்ட் என்ற இசைக்குறிப்பு மென்பொருளின் நிரலை எழுதினால் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு அங்கேயே வரைந்து வரும். கிட்டார் கார்டுகளின் ஃப்ரெட் படங்களையும் லில்லிபாண்ட் போடும். 'இந்த இதழில் கற்றுக்கொள்ளுங்கள்' பக்கத்துக்கு எட்டு கார்டு படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கோடு கிழிக்க வேண்டியதில்லை. லில்லிபாண்டைத் தனியே நிறுவி, ஸ்கிரைபஸின் வெளிக் கருவிகள் அமைப்பில் அது இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சட்டம் காலியாகவோ பிழைச் செய்தியோடோ நிற்கும். பிடிஎஃப் போன்ற கோப்புகளைப் படமாக்கிக் காட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் தனியே வேண்டும். அச்சு முன்னோட்டம், பார்கோடு இரண்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பார்கோடு வசதியிலேயே க்யூஆரும் வருகிறது. ஒவ்வோர் ஆல்பம் மதிப்பீட்டுக்கும் பக்கத்தில் பாட்டுக்கான க்யூஆர் வைப்பது இன்றைக்குக் கட்டாயம் மாதிரி. 20 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். சுற்றிலும் நான்கு கட்டம் அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். டியூடோன் படத்தின் மேல் வைப்பதானால் அடியில் வெள்ளைப் பெட்டி வேண்டும். நிறம் கருப்பு மட்டும். கருநீலப் பின்னணியில் மஞ்சள் க்யூஆர் அழகாகத்தான் இருக்கும், பல கைப்பேசிகள் படிக்காது. நீளமான இணைப்பைப் போட்டால் கட்டங்கள் பொடிப்பொடியாகும், சுருக்கிய இணைப்பைக் கொடுங்கள்.

நிறமும் மையும்

திரையில் மின்னும் நியான் பிங்க், அச்சில் வாடிய ரோஜாவாக வரும். ஸ்கிரைபஸின் தவறு இல்லை. நான்கு மையில் அந்த நிறமே கிடையாது. மெஜந்தா 100 வைத்து, சயானும் கருப்பும் பூஜ்யமாக இருந்தால் முடிந்தவரை பிரகாசம் கிடைக்கும். சயான் 5 சதவீதம் கலந்தாலே சோர்ந்துவிடும். உண்மையான நியான்தான் வேண்டும், அட்டைக்கு மட்டும் ஐந்தாவது மைக்குப் பணம் இருக்கிறது என்றால், பான்டோன் 806 என்ற பெயரில் ஒரு ஸ்பாட் நிறத்தை, அதாவது தனி மையாக அடிக்கும் நிறத்தை, உருவாக்குங்கள். பான்டோன் பட்டியல் ஸ்கிரைபஸோடு வருவதில்லை, ஆனாலும் ஸ்பாட் என்று குறித்தால் அதற்குத் தனி பிளேட் பிரித்துத் தரும். பிளேட்டில் நிறமில்லை, பெயர்தான் முக்கியம்.

நிறப்பட்டியலில் கருப்பு பல வேடத்தில் இருக்கும். உடல் எழுத்துக்குச் சாதாரணக் கருப்பு மட்டும். மற்ற மைகளும் கலந்த ரிச் பிளாக் பெரிய பின்னணிக்கு. ரெஜிஸ்ட்ரேஷன் என்று இருப்பதைத் தொடவே கூடாது; நான்கு பிளேட்டிலும் நூறு சதவீதம் விழும், தாள் காயாது, அடுத்த பக்கத்தில் ஒட்டும். அச்சு முன்னோட்டத்தில் ஒவ்வொரு மையையும் தனித்தனியே அணைத்துப் பார்க்க முடியும். கருப்பை அணைத்த பிறகும் கட்டுரை எழுத்து தெரிந்தால் எங்கோ தவறான கருப்பு நுழைந்திருக்கிறது. மை மொத்த அளவைக் காட்டும் வசதியும் அங்கேயே உண்டு. பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் அடிப்பதானால் நான்கும் சேர்ந்து 280 சதவீதத்தைத் தாண்டும் இடங்களைக் குறைத்துவிடுங்கள்.

இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து இளைஞர் இதழ்களின் தீராத மோகம். தமிழில் இதற்குத் தனி விலை உண்டு. சுற்றியுள்ள மை பரவி முதலில் அடைபடுவது புள்ளி. 'பாட்டு' என்று வைத்தது 'பாடடு' என்று வரும். வெள்ளை எழுத்து 10 பாயின்ட்டுக்குக் கீழே வேண்டாம். ஒரு படி தடித்த எழுத்துருவை எடுங்கள். பின்னணி நான்கு மையில் அல்லாமல் இரண்டு மையில் இருந்தால், மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாத பதிவுப் பிசகிலும் தப்பிக்கலாம்.

அச்சகத்துக்குப் போகும் கோப்பு

ஏற்றுமதி செய்யும் முன் சரிபார்ப்புப் பட்டியல் தானாகத் திறக்கும். வழிந்த எழுத்து, காணாமல் போன படம், எழுத்துருவில் இல்லாத எழுத்து எல்லாவற்றையும் பக்க வாரியாகச் சொல்லும். சொடுக்கினால் அந்த இடத்துக்கே கொண்டுபோகும். படத் துல்லியத்துக்கு அதில் தொடக்கத்தில் இருக்கும் எல்லை அச்சுக்குப் போதாது. 250-க்கு உயர்த்திவிட்டுப் பாருங்கள். வாட்ஸாப்பில் வந்த படங்கள் எல்லாம் அப்போது மாட்டிக்கொள்ளும்.

நிற நிர்வாகத்தை ஆவண அமைப்பில் இயக்கினால்தான் அச்சுக்கென்றே வரையறுத்த பிடிஎஃப்/எக்ஸ் வகைகள் கிடைக்கும். ஒளிபுகும் நிழல், மேற்பூச்சு எதையாவது பயன்படுத்தியிருந்தால் எக்ஸ்-4 தேர்வு செய்யுங்கள். எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3 இரண்டும் ஒளிபுகுதலை ஏற்காது. ஸ்கிரைபஸ் அதைத் தட்டையாக்கித் தருவதும் இல்லை, பாதி தெரிய வேண்டிய பெட்டி முழுக் கருப்பாக நிற்கும். பழைய கருவி வைத்திருக்கும் அச்சகம் எக்ஸ்-1ஏ-தான் வேண்டும் என்றால், நிழல் விழுந்த பகுதிகளைக் கிம்ப்பில் ஒரே படமாக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். எழுத்துருக்களைப் பதித்துக் கொடுப்பது இயல்பு. அச்சகக் கணினியில் தமிழ் குலைகிறது என்றால் எல்லா எழுத்தையும் கோட்டுருவாக்கி ஏற்றுமதி செய்யும் தேர்வும் உண்டு. கோப்பு பெரிதாகும், உள்ளே தேட முடியாது. அச்சுக்கு அது பொருட்டில்லை, இணையத்தில் விடும் பிரதிக்கு மட்டும் வேறாகச் செய்யுங்கள்.

பக்கங்களை அச்சுத்தாளில் ஃபாரமாக அடுக்கும் வேலையை ஸ்கிரைபஸ் செய்யாது. ஒற்றைப் பக்கங்களாக, வரிசையாகக் கொடுங்கள். இம்போசிஷன் என்ற அந்த அடுக்கு வேலை அச்சகத்தின் பொறுப்பு. 'கோரல் ஃபைல் இருந்தா கொடுங்க' என்று கோரல்டிரா கோப்பைக் கேட்கும் இடங்கள் இன்றும் உண்டு. அங்கே எக்ஸ்-4 கோப்பையும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஜேபெக் படத்தையும் கொடுத்து, திறந்ததும் இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம்.

குறைகள், கூட்டு வேலை

ஸ்கிரைபஸ் படங்களை உள்ளே விழுங்குவதில்லை, பாதையை மட்டும் நினைவில் வைக்கிறது. கோப்புறையின் பெயரை மாற்றினால் 32 பக்கமும் வெறுமையாகும். வேறு கணினிக்குக் கொண்டுபோகும் முன் கலெக்ட் ஃபார் அவுட்புட் கொடுத்து, எழுத்துருக்களையும் சேர்க்கும் பெட்டியைத் தட்டுங்கள். பெரிய படங்கள் சேரச் சேரத் திரை இழுபறியாகும். படங்களின் முன்னோட்டத் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும், அச்சுத் தரம் மாறாது. நீண்ட கட்டுரையைப் பக்கத்திலேயே திருத்தாமல் ஸ்டோரி எடிட்டரில் திருத்துங்கள். செய்த எல்லாவற்றையும் பின்வாங்க முடியும் என்று நம்ப வேண்டாம். சில மாற்றங்களுக்கு அன்டூ வேலை செய்வதில்லை. தானாகச் சேமிக்கும் இடைவெளியை 5 நிமிடமாக்கிவிட்டு, ஒவ்வொரு நாளும் புதுப் பெயரில் ஒரு பிரதி வையுங்கள். அட்டவணைக் கருவி பலவீனம். கச்சேரி நாட்காட்டியைத் தாவல் நிறுத்தங்களை வைத்தே கட்டுங்கள்.

ஒரே கோப்பை இருவர் திறந்தால் கடைசியாகச் சேமித்தவருடையதே மிஞ்சும். அதனால் இதழை நான்காகப் பிரித்து, எட்டு எட்டுப் பக்கமாக ஆளுக்கு ஒரு கோப்பு கொடுப்பதே பிழைக்கும் வழி. ஸ்டைல்களையும் நிறங்களையும் ஒரு மாதிரிக் கோப்பில் வைத்து எல்லோரும் அதிலிருந்தே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருடைய மெஜந்தா இன்னொருவருடையதோடு ஒத்துப்போகாது. கடைசியில் பக்கங்களை ஒரே ஆவணத்தில் இறக்குமதி செய்து சேர்க்கலாம்; ஒரே பெயரில் வேறு அளவுள்ள ஸ்டைல் இருந்தால் அங்கேதான் சண்டை வரும்.

இண்டிசைனுக்கு மாதாமாதம் கட்ட வசதியுள்ள அலுவலகம் அதிலேயே இருக்கலாம். பத்தியமைப்பில் அது இன்னும் மேல்தான், இந்திய மொழிகளுக்கும் ஏற்ற வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காமல் இருந்தால். அங்கே செய்த பழைய இதழை ஐடிஎம்எல் என்ற பரிமாற்றக் கோப்பாக எடுத்தால் ஸ்கிரைபஸ் ஓரளவு திறக்கும்: சட்டங்கள் இடத்தில் இருக்கும், ஸ்டைல்களை மீண்டும் சரிபார்க்க வேண்டும். திரும்பிப் போக வழியில்லை, ஸ்கிரைபஸால் ஐடிஎம்எல் எழுத முடியாது. எனவே இதழின் நடுவில் மாறாதீர்கள், அடுத்த இதழின் முதல் பக்கத்திலிருந்து மாறுங்கள்.